நாரைக் கண்மாயில் நான் நிரவிய குழி

அந்தக் குழியை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், இத்தனை நேரம் ஒளித்து வைத்திருந்தானே என்று தோன்றும். ஒளித்து வைத்ததும் உண்மைதான், ஒரு கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் எனக்குச் சொந்தமாக ஒரு கூண்டு வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. மல்லாங்கிணறு பக்கத்துக் கரிசல் காடுகளிலிருந்து வத்தலும் மல்லியும் ஏற்றி வந்து கமிஷன் கடைகளில் இறக்குவேன். சீசன் வந்தால் சிவகாசிப் பக்கம் போய் பட்டாசுக் கம்பெனி, அச்சாபீஸ் லோடுகளும் அடிப்பேன். பள்ளிக்கூடம் போனதில்லை. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கையில் வீணாகும் தாள்களை மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டி, அதிலிருந்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தவன்.

நான் இறக்குகிற கமிஷன் கடையில், முதலாளியின் தாயார் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். இடப்பக்கம் முழுக்க வேலை செய்யாது. வாயில் மிச்சமிருந்தவை ஏழெட்டுச் சொற்கள்தாம். அந்த ஏழெட்டையும் அவர் வீணாக்கவே மாட்டார். ஒரு நாள் நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து நின்றார்.

“வண்டிக்காரரே, அத்தை நாலு நாளா ஒரே சொல்லச் சொல்லுதாக. நாரை, நாரைன்னு. சின்ன வயசுல கண்மாய்க் கரையில வளந்தவுக. ஒரு நடை கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வருவீகளா?”

“கூட்டிட்டுப் போகலாம்மா. உக்கார முடியாதவுகள எப்படிக் கொண்டுபோக?”

“கட்டிலோட கொண்டு போங்க. வத்தல் மூட்டைய ஏத்துறீகள்ல!”

அப்படித்தான் ஆரம்பித்தது. கட்டிலின் காலை அறுத்து, கயிற்றுச் சட்டத்தை மட்டும் வண்டிக்குள் கட்டினேன். கீழே இரண்டு முழம் வைக்கோல். படுத்தபடியே வெளியே பார்ப்பதற்காகக் கூண்டின் ஒரு பக்கத்தை வெட்டி, பாயைச் சுருட்டி ஏற்றும்படி வைத்தேன். ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில், ரோட்டிலிருந்து விலகி ஒரு கண்மாய் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். மழை பெய்து தண்ணீர் நின்றதும் கண்மாய்க்குள் இருக்கும் கருவேல மரங்களில் நாரைகள் வந்து கூடு கட்டும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாகக் குடியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கும் வெடி போடமாட்டார்கள். சாவு விழுந்தால்கூட, கண்மாய்க் கரையைத் தாண்டும்வரை கொட்டு அடிக்கக் கூடாது. சுற்றுப்பக்கம் அத்தனை ஊரும் வெடி செய்து பிழைக்க, இந்த ஒரு ஊர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

முதலாளியின் தாயாரை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிறகு மேலும் இருவர் சேர்ந்தார்கள். ஒருவர் அச்சாபீஸில் லேபிளுக்குப் படம் எழுதுகிறவர். ரயிலில் ஒரு காலை இழந்தவர். இருபது வருடமாக நாரையும் கிளியும் வரைந்து தள்ளியவர், ஒரு நாரையையும் பக்கத்தில் பார்த்ததில்லை. மற்றவர் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்து கலக்குகிற அறையில் தீப்பிடித்து இரண்டு பாதங்களும் வெந்து, விரல்கள் ஒட்டிப்போய்விட்டன. தவழ்ந்துதான் நகர்வார். அந்த விபத்தைப் பற்றிப் பேசமாட்டார். முதல் முறை கண்மாயைப் பார்த்ததும், “இந்த ஜில்லாவுலயே நான் பயப்படாம உக்காந்த எடம் இதுதான் தம்பி” என்றார். அந்தப் பேச்சை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஊரில் எங்களுக்குப் பட்டப்பெயர் சப்பாணி வண்டி. டீக்கடை வாசலில் கேலி பறக்கும். “என்னய்யா, இன்னைக்கு எத்தன காலு போகுது?” என்பான் ஒருவன். படக்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டி, “எங்க மாட்டுக்கே எட்டு இருக்கு. ஒனக்கு ரெண்டுதான். வாரியா, பந்தயம் போடுவோம்!” என்பார்.

எங்கள் வண்டிக்கென்று ஒரு நடைமுறை உண்டு. கண்மாய்க் கரையில் நிறுத்தியதும் மாடுகளை அவிழ்த்து, இருநூறு தப்படி தள்ளி நின்ற புளியமரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவேன். கழுத்து மணி குலுங்கினால் பறவை கலையும். நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால், வண்டி மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறைதான். அதற்குள்ளே இறங்கி ஓட முடியாத மூன்று பேர். அந்த நடைமுறையில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நாரைகள் நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு குறை. கரையில் வண்டி நிற்கும் இடத்தில் மழைத்தண்ணீர் அரித்து ஒரு குழி விழுந்திருந்தது. இடச்சக்கரம் அதில் இறங்கிவிடும். வண்டி சாய, பெரியம்மா கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிவார். வலது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நாரை பார்ப்பார். அவர் அப்படித் தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தன. நான் லோடு அடிக்கிற ஒரு கம்பெனியில் கூரை ஒழுகி மருந்து நனைந்துபோயிற்று. அள்ளிக்கொண்டு போய் எங்காவது கொட்ட வண்டிகளைக் கூப்பிட்டார்கள். என் முறை வந்தது. ஆறு சாக்கு. சாம்பல் நிறத்தில் களிமண் போல இருந்தது. கை வைத்தால் வெள்ளிப்பூச்சு மாதிரி ஒட்டியது.

“எங்கன தட்ட?” என்றேன்.

வாசலில் நின்ற கணக்கர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “நனைஞ்ச மருந்து செத்த பாம்பு. எங்கன வேணாலும் தட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத எடமாப் பாத்துக்கிடும், அம்புட்டுத்தான்.”

செத்த பாம்பு. அது எனக்குப் பிடித்துப்போயிற்று. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஈரமருந்து மண்ணைப் போல அழுந்தி நிற்கும், காய்ந்தால் இறுகும் என்று நானே முடிவு செய்தேன். கண்மாய்க் கரைக்குப் போய் ஆறு சாக்கையும் அந்தக் குழியில் தட்டி, மேலே ஒரு முழம் சரளை மண் போட்டு, காலால் மிதித்து நிரவினேன். எங்கள் பக்கத்தில் இதில் ஒன்றும் அதிசயமில்லை. கம்பெனிக் கழிவால் வரப்பு உயர்த்தியவர்களும் உண்டு, வண்டித்தடப் பள்ளம் தூர்த்தவர்களும் உண்டு. இனிமேல் பெரியம்மா சரியமாட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

ஐந்தாம் நாள் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முந்தின நாள் லேசாகத் தூறியிருந்தது. பிற்பகல் மூன்று மணி இருக்கும், வெயில் மங்கலாக அடித்தது. கரை ஏறியதும் மாடுகள் நின்றுவிட்டன. வலத்து மாடு மூக்கை உயர்த்திச் சீறியது. தார்க்குச்சியை எடுத்ததே இல்லாதவன், அன்றைக்கு எடுத்தேன். இரண்டு அடி போட்ட பிறகுதான் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வண்டி பலகை மாதிரி மட்டமாக நின்றது.

“அடேயப்பா, எம்புட்டு சுகமா நிக்கு!” என்றார் படக்காரர். “பள்ளத்தை எவன் நிரவுனான்?”

நான் சிரித்துக்கொண்டு மாட்டை அவிழ்த்தேன். பாராட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

புளியமரத்தில் மாடுகளைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது ஒன்று கவனித்தேன். கரைக்கு நெருக்கமாக நின்ற மூன்று மரங்களில் சத்தமே இல்லை. எப்போதும் அலகைத் தட்டித் தட்டி, குஞ்சுகள் இரை கேட்டுக் கத்தி, சந்தைக்கடை போல இருக்கும். இப்போது கூட்டில் குஞ்சுகள் தலையைத் தாழ்த்திக் கிடந்தன. பெரிய நாரைகள் கூட்டை விட்டுத் தள்ளி, அந்தப்பக்க மரங்களின் உச்சியில் எங்களைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. நாங்கள் வரும்போதெல்லாம் வண்டி நிழலில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் குருவி வந்து, தரையில் கால் வைக்கப் போனது, வைக்காமல் எழும்பிப் போயிற்று.

“பாத்தீகளா, அண்ணாச்சி?” என்று படக்காரர் நோட்டை விரித்து வரைந்துகொண்டே சொன்னார். “இருபது வருசமா நாரைக்கு மனுசன் மாதிரி முன்னால மடங்குற முட்டி போட்டிருக்கேன். அது பின்னாலல்லா மடங்குது! ஒருத்தனும் கேக்கலை.”

போர்மேன் அண்ணாச்சி மூக்கை வெளியே நீட்டியபடி இருந்தார்.

பெரியம்மா அப்போது ஒரு சொல் சொன்னார். அவரிடம் மிச்சமிருந்த ஏழெட்டில் நான் அதுவரை கேட்டிராத சொல்.

“நெடி.”

“மாட்டு மூத்திரமா இருக்கும் பெரியம்மா” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் வாடை அடித்தது. பழைய தொழுவத்தைக் கிளறினால் கண்ணில் குத்துமே, அந்த வாடை.

“மாடு எங்கன நிக்கு?” என்றார் போர்மேன்.

“புளியமரத்துல.”

“காத்து அங்கிட்டிருந்தா வருது?”

காற்று கண்மாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாக, ஏதோ தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, “தம்பி, செருப்பைக் கழட்டிட்டு அந்த எடத்துல மிதிங்க” என்றார்.

என் செருப்பில் லாடம் அடித்திருந்தது. கழற்றிவிட்டு இடச்சக்கரத்துக்குப் பக்கத்தில் காலை வைத்தேன். மார்கழி மாதத் தரை. அப்போதுதான் சோறு வடித்து இறக்கிய பானையைத் தொட்டது போல இருந்தது.

“சுடுது, அண்ணாச்சி.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குரல்தான் மாறிற்று. பழைய போர்மேன் குரல். “ஏலே, இப்பம் நான் சொல்லுததை மட்டும் செய்யி. வண்டிய அசைக்கக் கூடாது. சக்கரத்துப் பட்டை இரும்பு, கீழ சரளை, உரசுனா பொறி பறக்கும். மாட்டைக் கொண்டாரவும் கூடாது. ஒவ்வொருத்தரா முதுகுல தூக்கிட்டுப் போ. மொதல்ல அம்மா.”

“என்ன அண்ணாச்சி, என்ன கெடக்கு அதுல?” என்றார் படக்காரர்.

“வெள்ளி மருந்து. அலுமினியப் பொடி கலந்தது. தண்ணி பட்டா அது சாவாது. உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே கெடக்கும். இன்னைக்கோ, நாளைக்கோ, இந்த நிமிசமோ. எப்ப வெடிக்கும்னு அதுக்கே தெரியாது.” பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “யாருலே கொண்டாந்து கொட்டுனது?”

“தெரியலை, அண்ணாச்சி” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் சொன்னது நான்தானே.

பெரியம்மாவைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொண்டு நடந்தேன். அசையாத உடம்பின் கனம் மூட்டையின் கனத்தைப் போல அல்ல. மூட்டையைத் தோள் மாற்றலாம். வலது கையால் என் சட்டையைப் பிடித்திருந்தார். புளியமரத்தடியில் படுக்க வைத்துவிட்டு ஓடினேன். படக்காரர் ஊன்றி நடக்கும் கட்டையின் நுனியில் இரும்புப் பூண் இருந்ததால் அதைத் தொடவே போர்மேன் விடவில்லை. படக்காரர் என் தோளில் தொங்கி ஒற்றைக் காலால் தத்தித் தத்தி வந்தார். பாதி வழியில் நின்று, “என் நோட்டு! வண்டியில வச்சிட்டேன்” என்றார். நான் நிற்கவில்லை.

மூன்றாம் நடைக்குத் திரும்பியபோது போர்மேன் வண்டியில் இல்லை. சாய்வுப் பலகையில் சறுக்கி இறங்கி, முழங்கையால் ஊன்றி முப்பது தப்படி தூரம் தவழ்ந்து வந்திருந்தார். முழங்கையில் ரத்தம். தூக்கும்போது திரும்பிப் பார்த்தேன். நான் நிரவிய இடத்தில் தரை மெலிதாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் சாம்பிராணி போட்டதுபோல ஒரு நூல் புகை.

புளியமரத்தடியில் நான்கு பேரும் கண்மாயைப் பார்த்து இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி நின்றது. நாரைகள் நின்றன. மாடுகள் மட்டும் தும்பை இழுத்துக்கொண்டே இருந்தன.

கொஞ்ச நேரம் போனதும் படக்காரருக்குப் பொறுமை போயிற்று. “அண்ணாச்சிக்கு மூக்குக்குள்ள இன்னும் மருந்து ஒட்டியிருக்கு போல. சும்மா சூட்டுக்கு இம்புட்டுப் பாடா? வண்டிக்காரரே, ஓடிப்போயி என் நோட்டை மட்டும் எடுத்தாந்துருங்க. ஒரு வருச வேலை.”

எனக்கும் போனால் என்ன என்று தோன்றியது. அதைவிட, போகவேண்டும் என்றே தோன்றியது. என் கையால் செய்ததை என் கையால் ஏதாவது செய்து சரிக்கட்டிவிடலாம் என்கிற ஒரு பைத்தியக்கார எண்ணம். எழுந்தேன். போர்மேன் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை இன்றைக்கும் கால் மறக்கவில்லை.

“ஒண்ணு மட்டும் தெரியணும் எனக்கு” என்றார், கண்மாயை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அதுல எம்புட்டுக் கெடக்குன்னு. ஒரு கூடைன்னா இந்த மரத்தடித் தூரம் போதும். சாக்குக் கணக்குன்னா இந்த மரம் பத்தாது. கொட்டுனவன் இருந்தான்னா கேக்கலாம். அவன்தான் இல்லையே.”

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் பார்த்தார்.

“ஆறு சாக்கு, அண்ணாச்சி” என்றேன். “நான்தான். வண்டி சாயாம நிக்கணும்னு போட்டேன். செத்துப்போன மருந்துன்னு சொன்னாக.”

போர்மேன் என் கணுக்காலை விட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தூக்குலே” என்றார். “மடைக்குக் கீழ. கல்லுச் சுவருக்கு அங்கிட்டு. மாட்டை அவுத்து விட்டுரு.”

மறுபடியும் மூன்று நடை. கரையின் மறுபக்கச் சரிவில், தண்ணீர் திறந்துவிடும் மடையின் கல் சுவர் ஆள் உயரத்துக்கு இருந்தது. மூச்சு நெஞ்சில் ரம்பம் போல அறுத்தது. மாடுகள் அவிழ்த்த கையோடு ஓடி மறைந்துவிட்டன. இந்த முறையும் போர்மேன்தான் கடைசி. அவரைச் சுவருக்குப் பின்னால் இறக்கி, நானும் முழங்கால் போட்டுக் குனிந்தேன். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைக்கப் போனேன்.

முதலில் சத்தமே இல்லை. சுவரின் நிழல் எதிரே வயலில் கறுப்பாக, வெட்டி ஒட்டினதுபோல விழுந்தது. சூரியன் இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. காதில் அல்ல, வயிற்றில். கல் சுவர் ஒரு தடவை மூச்சு வாங்கியதுபோல அசைந்தது. மண்ணும் மரத்துண்டும் எங்களுக்கு மேலாகப் பறந்து வயலில் விழுந்தன. புளியமரத்தின் எங்கள் பக்கத்துக் கிளை முறிந்து, நாங்கள் இருந்த இடத்திலேயே தொங்கியதை அப்புறம் பார்த்தேன்.

பிறகு இறக்கைச் சத்தம். கண்மாயிலிருந்த அத்தனை பறவைகளும் ஒன்றாக எழுந்தன. வானம் வெள்ளையாகி எங்களுக்கு மேல் சுற்றிற்று. அலகு தட்டவில்லை, கத்தவில்லை, இறக்கை மட்டும். பெரியம்மா படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டு, “நாரை, நாரை” என்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அவர் விருப்பப்பட்டுப் பார்க்க வந்ததை, அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தார்.

ஊர்க்காரர்கள் வேல்கம்போடு ஓடிவந்தார்கள். கரையில் ஆள் இறங்கும் ஆழத்துக்குப் பள்ளம். ஒரு சக்கரம் தண்ணீரில் மிதந்தது. அருகிலிருந்த மூன்று மரங்களில் கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. ஊர்ப் பெரியவர், “தீவாளிக்குக்கூட எங்க பிள்ளைக கையில ஒரு கம்பி மத்தாப்பு குடுத்ததில்லைய்யா. எவன்யா செஞ்சது?” என்றார். போர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். ஒரு பொய் ஒரு நாளைக்குப் போதும்.

அவர்கள் அடிக்கவில்லை. பெரியவர் மட்டும், “இனிமே இந்தக் கரையில ஒம்ம வண்டித்தடம் படக்கூடாது” என்றார். தடம் பதிக்க வண்டியே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிறகு அவர்களே ஒரு வண்டி பூட்டி, வைக்கோல் பரப்பி, மூவரையும் பூப்போலத் தூக்கி ஏற்றினார்கள்.

ரோட்டுக்கு வந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி தூரம் வந்ததும் போர்மேன் கேட்டார்.

“அன்னைக்குக் கம்பெனி வாசல்ல, ஒனக்கு முன்னால எத்தன வண்டி லோடு ஏத்துச்சு?”

நினைத்துப் பார்த்தேன். “நாலு, அண்ணாச்சி.”

“அதுக எங்கன தட்டுச்சு?”

“தெரியலை” என்றேன். இந்த முறை அது உண்மை.

அவர் வண்டியோட்டியின் தோளைத் தொட்டார். எதிரே, ரோட்டின் ஓரத்தில், மழை அரித்த பள்ளம் ஒன்றைப் புதுச் சரளை போட்டு யாரோ அழகாக நிரவியிருந்தார்கள். வண்டி நின்றது. நான் வெறுங்காலோடு இறங்கிப் போய் மிதித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஏறிக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கப்புறமும் இன்னொன்று தெரிந்தது.